பெயரும் நிலமும்: மடெய்ரா மல்லிகை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வரலாற்று மூலங்கள் என்றதும் கல்வெட்டு, செப்பேடு, நாணயம், அரச ஆவணம், பிரயாணிகளின் குறிப்பு ஆகியனவே நினைவுக்கு வருவது வழக்கம். மனிதன் எழுதிவைத்தவையும் ஆக்கிவைத்தவையுமே அவனது கடந்த காலத்துக்குச் சான்று பகர வல்லன என்ற எண்ணம் கற்றோரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. ஆயின், மனிதன் எழுதாத, ஆக்காத பொருள்களும் அவனுடைய செயல்களின் சுவடுகளைத் தாங்கி நிற்கின்றன. ஒரு மலைச்சரிவில் எந்த மரம் நிற்கின்றது, எது நிற்கவில்லை என்பது தாவரவியலாளனுக்கு மட்டும் உரிய வினாவன்று. அச்சரிவு யாருடைய கைக்கு எப்போது மாறியது, அங்கு என்ன விளைவிக்கப்பட்டது, விளைந்ததன் பயனை யார் நுகர்ந்தனர் என்னும் வினாக்களோடு பிணைந்து நிற்பதால் அது வரலாற்று மாணவனுக்கும் உரிய வினாவாகும்.

இக்கருத்தினை விளக்குதற்கு அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவே கிடக்கும் மடெய்ராத் தீவில் வளரும் ஒரு மல்லிகைக் கொடி தக்க சான்றாக அமைகின்றது. என்றும் பசுமையான இலைகளையுடைய இக்கொடி அருகிலுள்ள மரத்தையோ பாறையையோ பற்றிச் சுற்றிப் படர்ந்து பல மீற்றர் உயரம் ஏறக்கூடியது. எதிரெதிராக அமைந்த இலை ஒவ்வொன்றும் மூன்று சிற்றிலைகளைக் கொண்டது. வெண்ணிறப் பூக்கள் கொத்துக் கொத்தாக மலர்ந்து நறுமணம் வீசும். தமிழர் நன்கறிந்த மல்லிகை, முல்லை ஆகியவற்றின் பேரினத்தையே சேர்ந்தது இது. தாவரவியலாளர் இதற்கு வழங்கும் பெயர் ஜஸ்மினம் அசோரிக்கம் என்பதாகும். அசோர்ஸ் தீவுகளுக்குரிய மல்லிகை என்பது அப்பெயரின் பொருள். ஆனால் அசோர்ஸ் தீவுகளில் இக்கொடி இயற்கையாக வளர்வதில்லை. அதன் பிறப்பிடம் அங்கிருந்து எண்ணூறு கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள மடெய்ரா ஒன்றே.

ஈண்டு இரு வினாக்கள் எழுகின்றன. ஒரு தாவரம் தான் பிறவாத நிலத்தின் பெயரைச் சுமக்க நேர்ந்தது எவ்வாறு? உலகின் பல பாகங்களிலும் பூந்தோட்டங்களிற் செழித்து வளரும் ஒரு கொடி, தன் சொந்த மண்ணில் அழிவின் விளிம்பில் நிற்பது ஏன்? இவை ஒன்றோடொன்று தொடர்பற்ற வினாக்களாகத் தோன்றலாம். மடெய்ராவின் ஐந்நூற்றாண்டு காலச் சமூக பொருளாதார வரலாற்றை நோக்குமிடத்து இரண்டிற்கும் விடை ஒன்றாகவே அமைவது புலனாகும்.

தீவும் காடும்

மடெய்ரா எரிமலைக் குழம்பினால் உருவான தீவு. அதன் பரப்பு ஏறத்தாழ 740 சதுர கிலோமீற்றர். நடுவே உயர்ந்தெழும் மலைத்தொடரின் உச்சி 1,860 மீற்றருக்கும் மேற்பட்டது. வட அத்திலாந்திக்கிலிருந்து வீசும் ஈரக்காற்று இம்மலைகளில் மோதுவதால் வட சரிவுகள் முகிலும் மழையும் பெற்றுக் குளிர்ந்து கிடக்கின்றன. தென் சரிவுகளோ வெயிலும் வரட்சியும் மிகுந்தவை. இவ்வேறுபாடு தீவின் இயற்கைத் தாவரங்களை இரு பெரும் பகுதிகளாக வகுத்தது. வடக்கிலும் உயர்ந்த இடங்களிலும் லோரல் இன மரங்கள் நிறைந்த முகிற்காடு நிலவியது. தெற்கிலே, கடலுக்கு அண்மையான தாழ்ந்த சரிவுகளில், காட்டொலிவம், டிராகன் மரம் முதலியன கலந்த வெப்பம் விரும்பும் சிறுகாடு பரந்திருந்தது. மல்லிகைக் கொடி இரண்டாவது வகைக் காட்டிற்கு உரியது. இவ்வுண்மையே பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக் கொள்வதற்கு அடிப்படையாகும்.

போர்த்துக்கேயர் இங்கு வருமுன் இத்தீவில் மக்கள் நிலையாகக் குடியிருந்தமைக்குச் சான்று இல்லை. 1419, 1420 ஆகிய ஆண்டுகளை அண்டி ஜோவோ கொன்சால்வெஸ் சார்க்கோ, திரிஸ்தாவோ வாஸ் தெய்ஷெய்ரா ஆகியோர் போர்த்துக்கல் இளவரசர் ஹென்றியின் ஆதரவுடன் இங்கு வந்திறங்கினர். எங்கும் மரஞ்செறிந்து கிடந்தமையால் தீவுக்கு மரம் எனப் பொருள்படும் 'மடெய்ரா' என்ற பெயரையே இட்டனர். தென்கரையில் அவர்கள் அமைத்த குடியிருப்பும், அங்கு நிறைந்திருந்த பெருஞ்சீரகச் செடியின் போர்த்துக்கேயப் பெயரை ஒட்டி ஃபுன்ஷால் எனப்பட்டது. தமிழ் மரபு காடும் காடு சார்ந்த நிலத்துக்கு முல்லை என ஒரு கொடியின் பெயரையே சூட்டியமை அறிஞர் அறிந்ததொன்று. நிலத்தை அதன் தாவரத்தாற் பெயரிடும் இத்தகைய வழக்கம் மடெய்ராவின் முதற் குடியேற்றக்காரரிடமும் காணப்பட்டது. ஆயின், பெயர் தந்த மரத்தை வாழவைக்கும் நோக்கத்துடன் அவர்கள் அங்கு வரவில்லை.

தீயும் கரும்பும்

குடியேற்றத்தின் முதற்பணி காட்டை அழிப்பதாகவே அமைந்தது. 1455ஆம் ஆண்டு தீவுக்கு வந்த வெனிஸ் நகர வணிகரான அல்விசே கடமொஸ்தோ, பயிர் நிலம் பெறும்பொருட்டு மூட்டப்பட்ட தீ கட்டுக்கடங்காமற் பரவியது பற்றித் தாம் கேள்வியுற்றதைக் குறித்துள்ளார். குடியேறியோர் பெண்டிர் பிள்ளைகளுடன் கழுத்தளவு நீரில் இரு பகலும் இரு இரவும் நின்று உயிர் தப்பினர் என்பது அவர் கூற்று. பின்வந்த நூலாசிரியர்கள் அத்தீ ஏழாண்டுகள் எரிந்தது என எழுதினர். இக்கூற்றினை அப்படியே ஏற்பதற்கில்லை. வடசரிவின் ஈரக்காடு இன்றும் பெரும்பரப்பில் நிலைத்திருப்பது தீவு முழுவதும் எரிந்தது என்ற கதையை மறுக்கின்றது. இருப்பினும், கதையின் உள்ளீடான உண்மை தெளிவானது. எரிந்தது எளிதில் எரியக்கூடிய வரண்ட தென்சரிவு. குடியேறியோர் வேண்டி நின்றதும் அதே சரிவுதான். வெயிலும், காற்றிலிருந்து பாதுகாப்பும், நல்ல துறையும் அங்கேயே இருந்தன.

காட்டை எரித்துப் பெற்ற நிலத்தில் முதலிற் கோதுமை விளைந்தது. விரைவிலேயே கரும்பு அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. 1452இல் நீரால் இயங்கும் கரும்பாலை ஒன்றை அமைக்கும் உரிமை தியோகோ தெ தெய்வே என்பவருக்கு வழங்கப்பட்டது. அடுத்துவந்த அரை நூற்றாண்டில் மடெய்ராவின் சீனி பிளாண்டர்ஸ், வெனிஸ், ஜெனோவா முதலிய இடங்களின் சந்தைகளை நிறைத்தது. விலைவீழ்ச்சியைத் தடுக்கும் பொருட்டு 1498இல் மன்னர் மனுவேல் ஏற்றுமதியை ஆண்டுக்கு 120,000 அரோபாவாக வரையறுக்க நேர்ந்தது. ஓர் அரோபா ஏறத்தாழப் பதினைந்து கிலோகிராம். சிறிய தீவொன்றின் உற்பத்தி எத்தகைய பெருக்கம் அடைந்திருந்தது என்பதை இதனால் உய்த்துணரலாம். பிற்காலத்தில் அமெரிக்காவை நோக்கிப் புறப்பட்ட கொலம்பசும் 1478இல் சீனி வாங்கும் முகவராகவே இத்தீவுக்கு வந்தார் என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

கரும்பு இரு பொருள்களைப் பேரளவில் வேண்டி நின்றது. ஒன்று நீர், மற்றையது விறகு. நீர் வடக்கில் மிகுதியாகவும் தெற்கில் அரிதாகவும் கிடைத்தமையால், செங்குத்தான மலைப்பக்கங்களைக் குடைந்து 'லெவாதா' எனப்படும் வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. இவ்வுயிராபத்தான வேலையிலும் கரும்புத் தோட்டங்களிலும் கனேரித் தீவுகளின் ஆதிக்குடிகளான குவாஞ்சிகளும், வட ஆபிரிக்கரும், மேற்காபிரிக்கக் கறுப்பினத்தவரும் அடிமைகளாக ஈடுபடுத்தப்பட்டனர். பிழிந்த சாற்றைச் செப்புக் கொப்பரைகளில் ஊற்றித் தொடர்ந்து காய்ச்சியே சீனி பெறப்பட்டது. கொப்பரையின் கீழ் எரிந்தது தீவின் காடு. ஆலைகள் இருந்த தாழ்ந்த சரிவுகளின் மரமே கைக்கெட்டிய விறகு ஆதலின் அதுவே முதலில் முடிந்தது. பற்றிப் படரும் கொடியொன்றுக்கு மரம் வீழ்வது பற்றுக்கோடு வீழ்வதாகும். மல்லிகையை வெட்டவேண்டும் என எவரும் எண்ணியிருக்கமாட்டார்கள். அது கணக்கில் வராத பொருள். கணக்கில் வந்த பொருள்களுக்காக நிலம் மாற்றப்பட்டபோது கணக்கில் வராத பொருள் தானாகவே மறைந்தது.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் உச்சத்தை அடைந்த சீனி உற்பத்தி அதன் பின் சரியத் தொடங்கியது. விறகுத் தட்டுப்பாடும், நிலவளம் குன்றியமையும், பயிர் நோயும், சாவோ தோமே, பிரேசில் ஆகிய இடங்களின் போட்டியும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுவன. மடெய்ராவில் உருப்பெற்ற முறையே அத்திலாந்திக்கைக் கடந்து பிரேசிலுக்குச் சென்றது. அடிமை உழைப்பு, ஒற்றைப் பயிர், தொலைச்சந்தை ஆகிய மூன்றையும் இணைத்த பெருந்தோட்டப் பொருளாதாரம் பிறந்த இடங்களுள் இத்தீவும் ஒன்று. 1505இல் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயரின் கடல்கடந்த விரிவு, தன் முதற் பாடங்களை இத்தீவிலேயே கற்றது எனலாம்.

திராட்சையும் வாரக்குடியும்

கரும்பு விட்டுச்சென்ற சரிவுகளை மற்றொரு கொடி பற்றிக்கொண்டது. மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து பதினைந்தாம் நூற்றாண்டிலேயே கொண்டுவரப்பட்ட திராட்சை, பதினேழாம் நூற்றாண்டில் தீவின் முதன்மைப் பயிராயிற்று. 1663இல் ஆங்கிலேயர் இயற்றிய வணிகச் சட்டம், ஐரோப்பியப் பொருள்கள் இங்கிலாந்தின் வழியாகவே அதன் குடியேற்றங்களுக்குச் செல்லவேண்டும் என விதித்தபோது மடெய்ராவின் வைனுக்கு விலக்களித்தது. இதனால் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் மடெய்ராவின் வைன் நேரே சென்றது. வெப்ப மண்டலங்களைக் கடந்து கப்பலிற் பயணஞ் செய்த வைன் கெடுவதற்குப் பதிலாகச் சுவை கூடியமை அதன் புகழை மேலும் பரப்பிற்று. ஆங்கிலேய வணிகர் குடும்பங்கள் ஃபுன்ஷாலில் நிலையூன்றின.

திராட்சையின் பெருக்கம் நிலத்தின் தோற்றத்தையே மாற்றியது. செங்குத்தான சரிவுகளிற் கல்லடுக்கி மண்சுமந்து படிநிலங்கள் அமைக்கப்பட்டன. இவற்றைக் கட்டியெழுப்பியவர்கள் நிலவுடைமையாளர் அல்லர். 'கொலோனியா' என்னும் குத்தகை முறைப்படி நிலம் உடைமையாளனுக்குரியது. கல்லணையும், நட்ட கொடியும், கட்டிய குடிலும் குடியானவனுக்குரியவை. விளைவிற் பாதி உடைமையாளனுக்குச் சேரும். இழப்பீடு கொடுத்தால் எப்போது வேண்டுமாயினும் குடியானவனை வெளியேற்றலாம். கொடுக்க முடியாதவிடத்து அவன் தலைமுறை தலைமுறையாக அதே நிலத்திற் பிணைக்கப்பட்டுக் கிடப்பான். நான்கு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஏதோ ஒரு வகையில் நிலவிய இம்முறை, 1974ஆம் ஆண்டுப் புரட்சியின் பின்னர் இயற்றப்பட்ட 1976ஆம் ஆண்டின் போர்த்துக்கேய அரசியலமைப்பினாலேயே முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது.

தென்சரிவின் காட்டழிவைப் பற்றிப் பேசுமிடத்து இவ்வுண்மை மறக்கற்பாலதன்று. கடைசி மரத்தையும் வெட்டி, எட்டாத சரிவிலும் படியமைத்தவன் குடியானவனே எனினும், விளைவிற் பாதியை இழந்தவன் எஞ்சிய பாதியில் வாழவேண்டுமாயின் இயன்ற இடமெல்லாம் பயிரிடுவதன்றி அவனுக்கு வேறு வழி இருக்கவில்லை. காட்டை அழித்தது கோடரி எனில், அக்கோடரியை மேலும் மேலும் உயரத்துக்கு ஏற்றியது நிலவுடைமை உறவு எனக் கொள்வதே பொருந்தும். இயற்கையின் வரலாற்றையும் உழைப்பின் வரலாற்றையும் தனித்தனியே எழுதுவோர் இரண்டையும் அரைகுறையாகவே எழுதுகின்றனர்.

மரமற்ற சரிவுகள் மனிதரையும் விட்டுவைக்கவில்லை. 1803 ஒக்டோபரில் மலையிலிருந்து பாய்ந்த வெள்ளம் ஃபுன்ஷாலிற் பல நூறு உயிர்களைக் கொண்டுசென்றது. திராட்சைக்கும் அதன் காலம் வந்தது. 1852ஆம் ஆண்டை அண்டிப் பூஞ்சண நோயும், 1872 முதல் வட அமெரிக்காவிலிருந்து வந்த பிலொக்சரா என்னும் வேர்ப்பூச்சியும் கொடிகளை அழித்தன. ஆயின், திராட்சை வீழ்ந்தபோதும் காடு மீளவில்லை. கைவிடப்பட்ட படிநிலங்களிற் கரும்பு மீண்டும் தோன்றியது. வாழை அதனைத் தொடர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விடுதிகளும் வீதிகளும் வீடுகளும் வந்தன. வந்தவை எவையாயினும் அவை வேண்டியது அதே வெயில் நிறைந்த தாழ்ந்த தென்சரிவையே. மல்லிகையின் ஊழ் அது விரும்பிய வெயிலிலேயே அமைந்திருந்தது எனலாம்.

பெயர் வந்த வழி

சொந்த நிலத்தில் இவ்வாறு இடமிழந்துகொண்டிருந்த காலத்திலேயே மல்லிகை ஐரோப்பாவிற் புகழ் பெற்றது. பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்தரின் நூற்றாண்டு. 1682இல் ஆம்ஸ்ரடாம் நகரின் மருத்துவத் தோட்டம் ஜான் கொமெலின், ஹுய்தெகோபர் ஆகியோரின் முயற்சியாற் புதிய இடத்தில் விரிவாக்கப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையிலிருந்தும் இலங்கையிலிருந்தும் யாவாவிலிருந்தும் விதைகளையும் கன்றுகளையும் அங்கு கொண்டுவந்து சேர்த்தன. வணிகமும் அரசும் அறிவுத்துறையும் ஒன்றையொன்று தாங்கி நின்ற நிலையை இத்தோட்டம் காட்டுகின்றது. அங்கு வளர்ந்த அரிய தாவரங்களை விவரிக்கும் பெருநூலின் முதற்றொகுதி, கொமெலின் 1692இல் மறைந்த பின்னர், 1697இல் வெளிவந்தது. மூன்று சிற்றிலைகளும் மணம் மிக்க வெண்பூக்களும் கொண்ட நமது மல்லிகை அதில் அசோரிய மல்லிகை என்ற பெயருடன் இடம்பெற்றது.

மடெய்ராவும் அசோர்சும் ஒரே போர்த்துக்கேய முடியின் கீழ் இருந்த அத்திலாந்திக் தீவுகள். இரண்டும் கடல்வழித் தங்குதுறைகளாக விளங்கியவை. பல கை மாறி வந்த செடியோடு அது முளைத்த மலைச்சரிவின் பெயர் வருவதில்லை. கப்பல் தொட்ட துறையின் பெயரோ விற்றவன் சொன்ன பெயரோதான் வரும். ஆம்ஸ்ரடாமின் தோட்டத்துக்கு அச்செடியின் பிறப்பிடம் இன்றியமையாத செய்தி அன்று. அது அரியது, மணமுள்ளது, தொலைவிலிருந்து வந்தது என்பனவே வேண்டியிருந்தன. பெயரின் பிழை தனியொருவரின் கவனக்குறைவன்று; பொருளை அதன் நிலத்திலிருந்து பிரித்தெடுத்துக் கைமாற்றும் வணிக முறையின் இயல்பான விளைவு என்றே அதனைக் கருதவேண்டும்.

இப்பெயரை நிலைநாட்டியவர் சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ். 1735 முதல் ஒல்லாந்தில் தங்கியிருந்த அவர், கம்பனியின் இயக்குநருள் ஒருவரான ஜோர்ஜ் கிளிபோர்ட்டின் தோட்டத்துத் தாவரங்களை ஆராய்ந்து பெருநூலொன்று எழுதினார். 1753இல் வெளியான அவரது 'தாவர இனங்கள்' என்னும் நூல் ஒவ்வோர் இனத்துக்கும் இருசொற் பெயர் வழங்கும் முறையை நிலைபெறச் செய்தது. மல்லிகை அதில் ஜஸ்மினம் அசோரிக்கம் எனப் பதிவாயிற்று. இலங்கை மாணவருக்கு லின்னேயசின் இம்முறை புதியதன்று. 1670களில் கம்பனியின் மருத்துவராக இலங்கையில் இருந்த பவுல் ஹேர்மன் சேகரித்த உலர்தாவரங்களைக் கொண்டே லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலை எழுதினார். அவர் இலங்கையைக் கண்டதில்லை. மடெய்ராவையும் கண்டதில்லை. தோட்டமும் உலர்தாளும் முந்தியோர் நூலுமே அவரது உலகம். அவ்வுலகின் பேராற்றலையும் அதன் எல்லையையும் ஒருங்கே காட்டுவது இம்மல்லிகையின் பெயர்.

தாவரவியற் பெயரீட்டு விதிகளின்படி, முறையாக வெளியிடப்பட்ட பெயரைப் பொருந்தாதது என்ற காரணத்துக்காக மட்டும் மாற்றவியலாது. மத்தியதரைக் கடற்பகுதிக்குரிய பூண்டு ஒன்று பெரு நாட்டின் பெயரை லின்னேயஸ் காலம் முதல் இன்றுவரை தாங்கி நிற்பது இதற்கு மற்றோர் எடுத்துக்காட்டு. உலகெங்கும் ஒரு தாவரத்துக்கு ஒரே பெயர் வழங்குவதற்கு இவ்விதி தேவையானதே. ஆயினும், சொல்லின் நிலைபேறும் உண்மையும் ஒன்றல்ல என்பதை வரலாற்று மாணவன் நினைவிற் கொள்ளவேண்டும்.

நிலத்தை நேரிற் கண்டு எழுதும் முயற்சி பின்னரே வந்தது. 1768 செப்தெம்பரில் கப்டன் குக்கின் கப்பல் ஃபுன்ஷாலில் நங்கூரமிட்ட சில நாட்களில் ஜோசப் பாங்ஸ், லின்னேயசின் மாணவர் சொலாண்டர் ஆகியோர் தீவின் தாவரங்களைச் சேகரித்தனர். தீவிலிருந்த ஆங்கிலேயருக்குச் சமயகுருவாகப் பணியாற்றிய ரிச்சர்ட் தோமஸ் லோ 1857 முதல் மடெய்ராவின் தாவரங்களைப் பகுதி பகுதியாக விவரித்து வெளியிட்டார். அந்நூல் நிறைவுறுமுன், 1874இல், மடெய்ராவை நோக்கிச் சென்ற கப்பல் மூழ்கியதில் அவர் உயிர் துறந்தார். ஃபுன்ஷாலிற் பிறந்த கார்லோஸ் அசெவேதோ தெ மெனேசெஸ் 1914இல் தீவுக்கூட்டத்தின் தாவரநூலை வெளியிட்டபோது, மடெய்ராவின் தாவரங்கள் அம்மண்ணின் மகன் ஒருவராலேயே எழுதப்படும் நிலை தோன்றியது.

பிறப்பிடமா, புகலிடமா?

இன்று மல்லிகைக் கொடி இயற்கையாகக் காணப்படுவது தென்கரையின் செங்குத்தான பாறைச்சரிவுகளில் மிகச் சில இடங்களிலேயே. எனவே இது பாறைகளில் வளரும் தாவரம் எனக் கூறப்படுவதுண்டு. இக்கூற்றில் வரலாற்று நோக்கில் ஒரு திருத்தம் வேண்டும். ஒரு தாவரம் இன்று வாழும் இடமே அது விரும்பிய இடம் எனக் கொள்வது, காட்டுக்குள் ஒளித்து வாழும் அகதியைக் காட்டுவாசி எனக் கொள்வதை ஒக்கும். படி கட்ட முடியாத, கரும்பு நட முடியாத, திராட்சை படர விட முடியாத, ஆடும் எளிதில் எட்ட முடியாத இடம் எதுவோ அதுவே எஞ்சிய இடம். செங்குத்துப் பாறைகள் மல்லிகையின் பழைய நிலத்தின் ஓரங்கள். நடுப்பகுதி பறிபோனபின் ஓரங்களே அதன் புகலிடமாயின என்று கொள்ளுதல் தீவின் வரலாற்றுக்கு இயைபுடையது.

அப்புகலிடமும் உறுதியானதன்று. வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டு வேலி தாண்டிய அந்நியத் தாவரங்கள் பாறை இடுக்குகளையும் பற்றிவருகின்றன. நகரம் மேலேறுகின்றது. 2016 ஓகஸ்ட் மாதத்தில் ஃபுன்ஷாலின் சரிவுகளைத் தாக்கிய பெருந்தீ, வரண்ட தென்புறம் எத்துணை எளிதில் எரியக்கூடியது என்பதை மீண்டும் உணர்த்தியது. ஐரோப்பிய சமூகம் 1992இல் வகுத்த இயற்கை வாழிடப் பாதுகாப்பு விதியின் பட்டியலில் இம்மல்லிகை சேர்க்கப்பட்டது. உலகச் செந்தரவுப் பட்டியலிலும் அது மிகக் கடுமையான ஆபத்துக்குள்ளான இனமாகக் குறிக்கப்பட்டுள்ளது.

இதனிடையே ஒரு முரண்பாடு கருதத்தக்கது. வடசரிவின் முகிற்காடு ஏறத்தாழ 15,000 ஹெக்டேயர் பரப்பில் நிலைத்துள்ளது. 1999இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமையாக ஏற்றது. அப்பெருமை அதற்குத் தகும். ஆயின், அது தப்பியமைக்கு அதன் குளிரும் சரிவும் பெருங்காரணம். பயனற்றது என விடப்பட்டது இன்று போற்றப்படுகின்றது. பயனுள்ளது எனக் கொள்ளப்பட்ட தென்காடு போற்றுவதற்கு எஞ்சவில்லை. எஞ்சியதை மட்டும் காண்பவர் தீவு தன் காட்டைக் காத்துக்கொண்டது என முடிவு செய்யலாம். இழந்ததற்குச் சான்றாக நிற்பவை பாறை விளிம்பிலுள்ள சில கொடிகளே.

தோட்டமும் நிலமும்

இக்கொடிதான் உலகின் தோட்டங்களிற் பரவிவிட்டதே, அழியுமென அஞ்சுவது ஏன் என்ற வினா எழலாம். இங்கிலாந்தின் கண்ணாடி மனைகள் முதல் மத்தியதரைக் கடலோரத் தோட்டங்கள் வரை இது வளர்க்கப்படுவது உண்மை. இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கத்தின் தகுதிச் சான்றும் இதற்குண்டு. எனினும், தோட்டத்து மல்லிகை பெரும்பாலும் தண்டை வெட்டி நட்டும் பதியம் வைத்தும் பெருக்கப்படுவது. ஆயிரம் தோட்டங்களில் நிற்பது ஒரு சில தாய்க்கொடிகளின் மறுபதிப்பாக அமையக்கூடும். விதையால் இனம் பெருகி, வேறுபட்டு, தன் மண்ணோடும் பூச்சியோடும் பறவையோடும் உறவாடி வாழும் ஆற்றல் இயற்கை வாழிடத்துக் கொடிகளிடமே உள்ளது. தோட்டம் உருவத்தைக் காக்கும், உறவைக் காக்காது.

தொகுத்து நோக்குமிடத்து, மல்லிகையின் பெயர்ப்பிழையும் நிலமிழப்பும் ஒரே வரலாற்றுப் போக்கின் இரு பக்கங்கள் என்பது தெளிவாகும். தொலைச்சந்தைக்கு உற்பத்தி செய்யும் பொருளாதாரம் தீவின் தென்சரிவைக் கரும்புக்கும் திராட்சைக்கும் உரியதாக்கியது. அதே பொருளாதாரத்தின் கப்பல்கள் கொடியை அதன் நிலத்திலிருந்து பிரித்து, நிலத்தின் பெயரைத் தவறவிட்டு, அழகுப்பொருளாக வடக்கே கொண்டுசென்றன. நிலத்தில் அது மறக்கப்பட்டது. நூலில் அது தவறாக நினைவுகூரப்பட்டது. பெயரை இனி மாற்றவியலாது. மாற்றவும் தேவையில்லை, ஏனெனில் அப்பிழையே ஓர் ஆவணமாக நிற்கின்றது. திருத்தக்கூடியதாக எஞ்சியிருப்பது நிலத்தின் நிலையே. பாறை விளிம்பிலுள்ள கொடியிலிருந்து விதை பெற்று, அது இழந்த சரிவிற் சிறிதளவேனும் மீண்டும் முளைக்க இடங்கொடுப்பது தாவரவியலாளரின் பணி. அச்சரிவு எவ்வாறு இழக்கப்பட்டது, அதில் யாருடைய உழைப்பும் உயிரும் கலந்து கிடக்கின்றன என்பதை மறவாது எழுதிவைப்பது வரலாற்று மாணவரின் பணியாகும்.